தாயும் பிள்ளையும் ஆனாலும்

(மகளிர் சுய உதவிக் குழுக்களின் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, காலை புறநோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு இங்கே வந்திருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, எனக்கு ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, இந்த வயதிலும் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் என் சார்வாள் அவர்களே, பந்தலும் நாற்காலியும் வாடகை வாங்காமல் தந்த அண்ணாச்சி அவர்களே, விடியற்காலையிலிருந்து சுக்குக் காப்பி போட்டு எல்லோர் தொண்டையையும் காப்பாற்றிக்கொண்டிருக்கும் குழுச் சகோதரிகளே, தாய்மார்களே, வணக்கம். தலைவர் அம்மா போன கோடையில் வாய்க்கால் தூர்வாரும்போது கரையிலேயே நின்று வேலை வாங்கினார்கள். அதை இந்த மேடையில் சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘குடும்பமும் கொரோனா தடுப்பூசியும்’. முடிந்துபோன கதை எதற்கு என்று கேட்கலாம். முடியவில்லை. அந்த வருஷம் ஊசி விஷயத்தில் முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பி, இன்னும் ஒரே பந்தியில் உட்காராத வீடு நம் ஊரிலேயே இருக்கிறது. மூன்று செய்தி சொல்கிறேன். ஒன்று, வீட்டுக்குள் நடந்த சண்டை. இரண்டு, தடுப்பூசி உடம்புக்குள் என்ன செய்கிறது. மூன்று, பின்னால் வந்த ரத்த உறைவுச் செய்தி.

2021 ஜனவரி 16ஆம் தேதி நாட்டில் ஊசி போட ஆரம்பித்தார்கள். மார்ச்சில் 60 வயது தாண்டியவர்களுக்கு, ஏப்ரலில் 45 தாண்டியவர்களுக்கு என்று வயது இறங்கிவந்தது. நம் பக்கத்தில் அப்போது பெரிய எதிர்ப்பெல்லாம் இல்லை. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி விடியற்காலை மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை, நம்ம பிள்ளை. அன்றைக்கு ஊரில் அடுப்புப் பற்றவைக்காத வீடுகூட உண்டு. அது தடுப்பூசியால் வந்ததல்ல என்று மத்திய அரசின் குழு பல மாதம் கழித்துச் சொன்னது. அதற்குள் பயம் வீட்டுக்குள் வந்து பாயை விரித்துவிட்டது.

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அக்கா பீடி சுற்றுகிறவள். மகன் சென்னையில் வேலை. அவன் தினமும் போன்: “அம்மாவுக்கு ஊசி போடுங்க மாமா.” அத்தானோ கூடவே கூடாது என்று நின்றார். செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்க முதல் மெகா முகாம். அதற்கு இரண்டு நாள் முந்தி சாயங்காலம் நான் அங்கே போனேன். அக்கா மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு வாசல்படியில் இருக்கிறாள். அத்தான் போனை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்.

“மாப்ள, இதப் பாருங்க. ஊசி போட்ட கையில துட்டு ஒட்டுது. உள்ள காந்தம் வச்சிருக்கான்.”

சொன்னதோடு விடவில்லை. ஊசி போட்டிருந்த பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, அவன் தோளில் ஒரு ரூபாய்த் துட்டை வைத்து அழுத்தினார். ஒட்டிக்கொண்டது! தெருவே கூடிவிட்டது. எனக்கு வாயடைத்துவிட்டது. அக்கா மெல்லத் தட்டை இறக்கிவைத்தாள், மடியில் கிடந்த புகையிலைத் தூளைத் தட்டினாள், எழுந்து வந்தாள். “ஏங்க, உங்க கைய இங்கன நீட்டுங்க.” அந்தத் துட்டைப் பிடுங்கி அத்தான் தோளில் வைத்தாள். ஆவணிப் புழுக்கம், சட்டை போடாத உடம்பு, வேர்வை வழிகிறது. துட்டு கம்மென்று ஒட்டிக்கொண்டது. “உங்களுக்கு எந்த ஊருல ஊசி போட்டாவ?” தெருவெல்லாம் சிரிப்பு. அத்தானும் சிரித்துவிட்டார்.

அப்பாடா என்று நான், “அப்ப ஞாயித்துக்கிழமை போவோமாக்கா?” என்றேன்.

“நான் வரல தம்பி” என்றாள்.

அதுதான் நான் எதிர்பாராதது. “ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்குமாம். ரெண்டு நாள் தட்டக் கவுத்துட்டா பீடிக் கடையில குடுக்க இலையக் குறைச்சிருவாவ. மெட்ராஸ்ல இருந்து பேசுதவனும் இதக் கேக்கல, இவியளும் கேக்கல, நீயும் கேக்கல. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறல்லா?”

தாய்மார்களே, அந்தப் பழமொழியை நான் வகுப்பில் எத்தனையோ வருஷம் எழுதிப் போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் விளங்கிற்று. ஆறு மாதம் அந்த வீட்டில் நடந்த சண்டை மகனுக்கும் தகப்பனுக்கும். ஊசி போட வேண்டிய கை அவளுடையது. அவளை ஒருத்தர் கேட்கவில்லை.

கேட்டவர் யார் தெரியுமா? நம் துணை சுகாதார நிலையத்து நர்சம்மா. மறுநாள் காலை வீடு வீடாக வந்தபோது அக்காவிடம் உட்கார்ந்தார். சீனி இருக்கா, பிரஷர் மாத்திரை சாப்பிடுதியா, அதற்கு அடுத்த கேள்வியே, “ஒரு நாளைக்கு எத்தன பீடி சுத்துவ?” ஆயிரம் என்றாள். “இன்னைக்கே இலைய வெட்டி வையி. நாளைக்குக் கடை லீவு. இடது கையில போடுதேன். ராத்திரி காய்ச்சல் வந்தா இந்த மாத்திரையப் போட்டுப் படு.” அவ்வளவுதான் பேச்சு. அக்கா மகனுக்கு முத்தடுப்பு ஊசி போட்டவரே அந்த நர்சம்மாதான். திங்கட்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல் அடித்தது. அத்தான் தகர அளவை இலைமேல் வைத்து, கத்திரியால் கோணலும் மாணலுமாக வெட்டிக்கொண்டிருந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அத்தான் போட்டாரா? வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதிவில் மகன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். ‘உங்கள் தடுப்பூசி செலுத்தப்பட்டது’ என்று சென்னைக்குக் குறுஞ்செய்தி போனபிறகுதான் குடும்பத்துக்கே தெரியும்.

இரண்டாவது செய்தியை டாக்டர் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். மூன்றாவதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024இல், இந்த ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறையலாம் என்று அஸ்ட்ராஜெனெகா கம்பெனி லண்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது என்று செய்தி வந்தது. நம்மூர் கோவிஷீல்டு அந்த மருந்துதான். அக்கா போனில், “போடச் சொன்னியே தம்பி” என்றாள். அந்த உறைவு ஊசி போட்ட சில வாரத்துக்குள் வருவது, மூன்று வருஷம் கழித்து வருவதல்ல என்று சொன்னேன். ஆனால் 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பாவில் சொல்லப்பட்ட விஷயம் இது. அன்றே தெரிந்து நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு.

இப்போது அவள் யாரிடம் போய்க் கேட்பாள்? நர்சம்மா ஓய்வு பெற்றுவிட்டார். குடியிருப்புக் கதவில் பூட்டு. பின்சுவரில் ஆலங்கன்று முளைத்து வேர் ஜன்னல்வரை இறங்கிவிட்டது. இப்போது வருகிற செவிலியர் நல்ல பிள்ளை, ஆனால் மூன்று ஊரைப் பார்க்கிறாள், நமக்குப் புதன்கிழமை மட்டும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசே வகுத்த கணக்கு. நிலையம் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்க ஆள் இல்லை. அந்த நேரத்தில் திறந்திருப்பது போன் ஒன்றுதான், அதில் துட்டு ஒட்டுகிற வீடியோதான் வரும். வாயும் வயிறும் வேறான ஆறு பேர் இருக்கிற வீட்டில், ஆறு பேருக்கும் தெரிந்த ஒரு முகம் வேண்டும். ஊரிலேயே குடியிருக்கும் செவிலியர் வேண்டும் என்று நான் நாலு வருஷமாக மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 2 கிராம சபை. தலைவர் அம்மா தீர்மானத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மேடைக்கு இடப்பக்கம், சுக்குக் காப்பி மேசைக்கு அடுத்து நீல அட்டை நோட்டு இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் என்று வேண்டாம், 18 வயதான எல்லோரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டி வைத்திருக்கிறோம். என் அக்கா முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டாள், அத்தான் அடுத்த வரியில். நன்றி, வணக்கம்.