நானும் வாங்கித்தான் வளர்ந்தேன்

வணக்கம் நேயர்களே. இளம் காற்பந்து நட்சத்திரங்கள் லட்சியத்தையும் புகழையும் எப்படிப் பார்க்கிறார்கள், வளர்த்துவிட்ட ஊருக்கு என்ன செய்கிறார்கள், அதில் நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் நிபுணர் இல்லை, வார இறுதியில் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுக்கும் தொண்டூழியன், அவ்வளவுதான். பத்து நட்சத்திரங்களின் பெயரைச் சொல்லி ஆளுக்கு இரண்டு வரி பேசினால் பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி ஆகிவிடும், அதனால் பெரும்பாலும் ஒருவரைப் பற்றியே பேசுகிறேன். மான்செஸ்டர் யுனைடெட்டில் வளர்ந்த மார்க்கஸ் ராஷ்ஃபர்ட். லிவர்பூல் ரசிகர்கள் தயவுசெய்து வானொலியை அணைத்துவிடாதீர்கள், இது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு இல்லை.

சரி, ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2016 பிப்ரவரியில், 18 வயதில், மான்செஸ்டர் யுனைடெட்டின் முதல் அணிக்காக அவர் இறங்கினார். அன்றைக்கு இறங்க வேண்டியவரே அவர் இல்லை, ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடுபடுத்தும்போது சக ஆட்டக்காரர் மார்சியாலுக்கு அடிபட்டதால் கடைசி நேரத்தில் கிடைத்த இடம். இரண்டு கோல் போட்டார். மூன்று நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராக முதல் பிரிமியர் லீக் ஆட்டம், அதிலும் இரண்டு. ஒரே வாரத்தில் உலகத்துக்கே அவர் பெயர் தெரிந்துவிட்டது.

அதற்கு ஏழு ஆண்டுக்கு முந்திய கதைதான் எனக்கு முக்கியம். அவருடைய அம்மா ஐந்து பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தவர். முழு நேரம் வேலை பார்த்தும் குறைந்தபட்சச் சம்பளம், வீட்டுக்குப் போதாது. யுனைடெட்டில் இளம் ஆட்டக்காரர்களைத் தங்கவைத்துப் படிக்கவும் ஆடவும் வைக்கும் திட்டம் ஒன்று இருந்தது. வழக்கமாகச் சேர்க்கும் வயதுக்கு முன்னாலேயே, 11 வயதில், ராஷ்ஃபர்ட் அதில் சேர்ந்தார். அம்மா அதற்கு விடாப்பிடியாக நின்றதற்கு ஒரு காரணம், அங்கே போனால் பிள்ளைக்கு வேளாவேளைக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும் என்பதுதான். லட்சியம் லட்சியம் என்கிறோமே, சில வீடுகளில் அது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கிண்ணம் ஜெயிக்கும் கனவெல்லாம் அப்புறம் வருவது.

நம் வீடுகளில் கேள்வி வேறு மாதிரி வரும். "பந்து சோறு போடுமா?" இதைக் கேட்காத அப்பாவை நான் இன்னும் பார்க்கவில்லை. கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. நம்ம ஃபாண்டி அகமது 1983ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் குழுவுக்காக இன்டர் மிலானுக்கு எதிராகக் கோல் போட்டார், நம்ம சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசல் குழு வரைக்கும் போய் ஆடினார், இத்தனை வருஷம் கழித்தும் ஐரோப்பா என்றால் அந்த இரண்டு பெயரைத்தான் முதலில் சொல்கிறோம். பிள்ளைக்கு 15 வயதில் உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு நெருங்குகிறது, 18ல் தேசிய சேவை, இதற்கு நடுவில் ஒரு குடும்பம் பந்தை நம்பி எதையும் முடிவு செய்வது லேசான காரியமா? அதே சமயம் 2025 நவம்பரில் நம் அணி ஹாங்காங் போய் 2-1 என்று ஜெயித்து ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றதே, 1984ல் ஏற்று நடத்திய நாடு என்பதால் கிடைத்த இடம் போல் இல்லாமல், முதன்முறையாக ஆடிச் சம்பாதித்த இடம். அதற்கு அடுத்த சனிக்கிழமை எங்கள் திடலில் இருந்த பையன்கள் அத்தனை பேரும் அன்றைக்கு வெற்றிக் கோல் போட்ட இல்ஹான் ஃபாண்டிதான், கோல்கீப்பராக நிற்க ஒருத்தனும் கிடைக்கவில்லை. ஆசை இருக்கட்டும், அதை யாரும் பிடுங்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

இப்போது 2020க்கு வருகிறேன். கொவிட் காலம். இங்கிலாந்தில் வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் இலவச மதிய உணவு உண்டு, பள்ளிகள் மூடியதும் அதற்குப் பதிலாகப் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். கோடை விடுமுறைக்கும் அதை நீட்டிக்க அரசாங்கம் மறுத்தது. ஜூன் மாதம் ராஷ்ஃபர்ட், அப்போது அவருக்கு 22 வயது, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். மறுநாளே அரசாங்கம் மனதை மாற்றிக்கொண்டது. 12 கோடி பவுண்டு, ஏறக்குறைய 13 லட்சம் பிள்ளைகள். அக்டோபரில் அதே கோரிக்கை மறுபடியும் எழுந்து நாடாளுமன்றத்தில் தோற்றபோது, ஊர் ஊராகச் சின்னச் சின்ன உணவுக்கடைகள் பிள்ளைகளுக்கு நாங்கள் போடுகிறோம் சாப்பாடு என்று கிளம்பின, நவம்பரில் அரசாங்கம் இரண்டாவது முறையும் இறங்கி வந்தது.

பணக்கார ஆட்டக்காரர் நன்கொடை கொடுப்பது புதிதில்லை. ராஷ்ஃபர்டும் அதற்கு முன்பே ஃபேர்ஷேர் என்ற அமைப்போடு சேர்ந்து உணவுக்காக நிதி திரட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அந்த மடலை அசைக்க முடியாததாக ஆக்கியது பணம் இல்லை. நாங்களும் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள்தான் என்று அவர் எழுதியிருந்தார். பள்ளியில் காலை உணவு, இலவச மதிய உணவு, அக்கம்பக்கத்தாரும் பயிற்றுவிப்பாளர்களும் செய்த உதவி, கிறிஸ்துமஸ் சாப்பாட்டை வாங்கி வர ஒவ்வொரு வருஷமும் போன இடம் என்று எல்லாவற்றையும் ஊரறியச் சொன்னார். அம்மா உழைக்காததால் அந்த நிலை இல்லை, உழைத்தும் போதவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். இங்கிலாந்து அணிக்கு ஆடுபவர், கோடிகளில் சம்பாதிப்பவர், தன் வீட்டுப் பசியை அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை.

இதைத்தான் நாம் செய்வதில்லை என்று நினைக்கிறேன். எங்கள் திடலுக்கு வரும் பிள்ளைகளில் சிலர் பள்ளியில் நிதி உதவி பெறுபவர்கள். அது மற்ற பையன்களுக்குத் தெரிந்துவிடாமல் இருக்க அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அடி பிய்ந்த பூட்ஸோடு ஓடும் ஒரு பையனிடம், புதுசு ஒன்று இருக்கிறது, எடுத்துக்கோ என்றால், "வேண்டாம் கோச், அப்பா அடுத்த மாசம் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்காரு" என்பான். அடுத்த மாதமும் அதே பூட்ஸ்தான். 13 வயசுப் பையனுக்கு இந்தக் கூச்சத்தை யார் சொல்லிக்கொடுத்தது? நாம்தான். பள்ளிகளிலும் சமூக மன்றங்களிலும் வாழ்க்கையில் முன்னேறியவர்களை மேடையேற்றிப் பேச வைக்கிறோம், அவர்களும் கஷ்டப்பட்டுப் படித்தேன், இரவெல்லாம் விழித்தேன் என்று நன்றாகத்தான் பேசுகிறார்கள். சிண்டா, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், தொடங்கியது 1991ல். அதன் துணைப்பாட வகுப்பில் உட்கார்ந்து படித்த முதல் தலைமுறை இன்றைக்கு வேலையில், பதவியில், சொந்த வீட்டில் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் மேடையில் நின்று, நான் சிண்டா வகுப்பில் படித்தவன், உதவித்தொகை வாங்கியவள் என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்? கஷ்டத்தைப் பெருமையாகச் சொல்கிறோம், கை கொடுத்தவர்களை விட்டுவிடுகிறோம். அப்புறம் கேட்கிற பிள்ளைக்கு என்ன தோன்றும்? ஜெயிக்கிறவர்கள் எல்லாரும் தனியாகவே ஜெயித்தார்கள், உதவி வாங்குகிற நான் மட்டும்தான் குறைச்சல் என்றுதானே? மாதாமாதம் சம்பளத்தில் சிண்டா நிதிக்குப் பிடிப்பதை எல்லாரும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், கொடுப்பதில் நமக்குக் கூச்சமே கிடையாது. வாங்கியதைச் சொல்வதில்தான்.

புகழைப் பற்றி நம் ஊரிலேயே ஒரு நல்ல கதை இருக்கிறது, அவர் இளைஞர் இல்லை என்றாலும். 2024 ஜூனில் பேங்காக்கில் தாய்லாந்திடம் நாம் 3-1 என்று தோற்றோம். கோல்கீப்பர் ஹசன் சன்னி, 40 வயதில், 11 முறை பந்தைத் தடுத்தார். தாய்லாந்து இன்னும் ஒரு கோல் போட்டிருந்தால் சீனா உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறியிருக்கும். தோற்ற அணியின் கோல்கீப்பர் ஒரே இரவில் சீனாவில் கதாநாயகன் ஆகிவிட்டார்! அவருடைய தெம்பனிஸ் உணவுக்கடையில் சீன ரசிகர்கள் வரிசை பிடித்தார்கள், கடையின் கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்து இணையத்தில் பரப்பி, முன்பின் தெரியாதவர்கள் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். போதும், அனுப்பாதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். எத்தனை பேருக்கு அந்த வார்த்தை வாயில் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

புகழ் திரும்பியும் அடிக்கும். 2021 ஜூலையில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் ராஷ்ஃபர்ட் அடித்த பெனால்டி கம்பத்தில் பட்டது. அன்றிரவே அவரையும், அவரைப் போலவே பெனால்டியைத் தவறவிட்ட சாஞ்சோவையும் சாக்காவையும் இணையத்தில் நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள். மான்செஸ்டரில் இருந்த அவருடைய சுவரோவியத்தைக் கிறுக்கிச் சிதைத்தார்கள். அந்த வட்டாரத்து மக்கள், பிள்ளைகள் உட்பட, இதயம் வரைந்த காகிதங்களையும் கடிதங்களையும் ஒட்டி அந்தச் சுவரை நிரப்பினார்கள். பெனால்டிக்காக மன்னிப்புக் கேட்ட ராஷ்ஃபர்ட், நான் யார், எங்கிருந்து வந்தவன் என்பதற்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்றும் சொன்னார்.

பிறகு அவர் ஆட்டம் சரிந்த காலங்களும் உண்டு. 2025ல் ஆஸ்டன் வில்லா, அப்புறம் பார்சலோனா என்று இரவலாகப் போய் ஆட வேண்டியிருந்தது. ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று போனதால்தான் கவனம் சிதறிவிட்டது என்று சொல்பவர்கள் காப்பிக்கடையிலும் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதம் பிடிபடவே இல்லை. மடல் எழுதியதை அடுத்து வந்த 2020-21 பருவத்தில் அவர் யுனைடெட்டுக்காக எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 20 கோலுக்கு மேல் போட்டார். ஆட்டம் விழுந்ததற்கு ஆட்டத்துக்குள்ளேயே ஆயிரம் காரணம் தேடலாம்.

இந்தப் பேச்சுக்குக் கீழே இன்னொரு நினைப்பு ஒளிந்திருக்கிறது: முதலில் ஆளாகு, அப்புறம் ஊருக்குச் செய்யலாம். எங்கள் அப்பா அப்படித்தான் சொல்வார், உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். பிரான்சின் எம்பாப்பே 2018ல் உலகக் கிண்ணம் ஆடிக் கிடைத்த பணத்தை, மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கும் விளையாட்டு ஏற்பாடு செய்யும் ஓர் அமைப்புக்குக் கொடுத்தபோது அவருக்கு 19 வயது. அது அவருக்குச் சின்னப் பணம்தானே என்பீர்கள், இருக்கலாம். சாடியோ மானே தன் செனகல் கிராமமான பம்பாலியில் மருத்துவமனை கட்டினாரே, அவருக்கு ஏழு வயதில் அப்பா இறந்தபோது அந்த ஊரில் மருத்துவமனை கிடையாது. மானேயும் ராஷ்ஃபர்டும் தேடிப் பிடித்து ஒரு நற்காரியத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, எது இல்லாமல் போனது என்று தெரிந்த இடத்துக்கே திரும்பிப் போனார்கள். அந்த ஞாபகம் பசுமையாக இருக்கும்போதே செய்வது நல்லது என்று எனக்குப் படுகிறது, 50 வயதில் அறங்காவலர் ஆகும்வரை அது காத்திருக்குமா தெரியாது.

எங்கள் திடலில் இப்போது 16, 17 வயதுப் பையன்கள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பூட்ஸ் சின்னதாகிப் போனால் பைக்குள் போட்டுக் கொண்டுவந்து வைக்கிறார்கள், அதில் பெரிய பையன் ஒருவன், இது எனக்கும் ஒரு அண்ணன் கொடுத்ததுதான் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பான். அவன் சொன்னால் பிள்ளைகள் வாங்கிக்கொள்கிறார்கள், நான் கொடுத்தால் இன்னமும் அப்பா வாங்கித் தருவார்தான்.

அதனால் நேயர்களிடம் கேட்பது ஒன்றுதான். நீங்கள் பந்து உதைக்க வர வேண்டாம், பணமும் வேண்டாம். சின்ன வயதில் உதவித்தொகையோ இலவசப் புத்தகமோ பள்ளி உணவகத்தில் இலவசச் சாப்பாடோ பெற்று, இன்றைக்கு நன்றாக இருக்கிறீர்கள் என்றால், உங்கள் வட்டாரத்தில் பிள்ளைகள் கூடும் இடத்துக்கு ஒரு நாள் போய் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள். பேச்சு நீளமாக இருக்க வேண்டாம், அவர்களுக்குப் பொறுமை கிடையாது. திடலுக்குப் போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயிலில் நிற்க முடியாது. நன்றி, வணக்கம்.