பால் கறக்கத் தெரியும், மடி கட்டத் தெரியும்

எல்லாருக்கும் வணக்கம். கறுப்பு அடிமைத் தாய்ங்களுக்குப் பொறந்த, அடிமையாவே வாழ்ந்த பழைய அரபிக் கவிஞர்களப் பத்திப் பேசப் போறேன். அந்தரா இப்னு ஷத்தாத்ங்கற கவிஞன்லருந்துதான் என்னால ஆரம்பிக்க முடியும். 6ஆம் நூற்றாண்டு, இஸ்லாம் வர்றதுக்கு முந்தின அரேபியா, அப்ஸ்னு ஒரு குலம். அப்பா ஷத்தாத் அந்தக் குலத்து ஆளு, அம்மா ஸபீபா அபிசீனியாவச் சேர்ந்த, அதாவது இன்னிக்கு எத்தியோப்பியா இருக்கற பக்கத்து, அடிமை. அடிமைக்குப் பொறந்தா அடிமைதான், அப்பனா மனசு வச்சு 'இவன் என் மகன்'னு சொன்னாத்தான் உண்டு. ஷத்தாத் சொல்லல, பெத்த மகன ஒட்டகத்துக்கிட்ட விட்டுட்டாரு.

ஒரு நாள் எதிரிங்க ஒட்டகங்கள ஓட்டிட்டுப் போறாங்க, குலமே பின்னால துரத்துது, அப்பதான் அப்பாவுக்கு மகன் ஞாபகம் வந்து "அந்தரா, பாய்டா"ங்கறாரு. இவன் சொன்னதா வழிவழியா வர்ற பதிலக் கேளுங்க: "அடிமைக்குப் பாயத் தெரியாது, பால் கறக்கத் தெரியும், மடி கட்டத் தெரியும்." மடி கட்டறதுன்னா, குட்டி குடிச்சிடக் கூடாதுன்னு தாய் ஒட்டகத்தோட காம்ப கயித்தால கட்டி வைக்கறது. பெத்தவங்ககிட்டருந்து பிள்ளைக்கு வர வேண்டியத தடுக்கற வேலைங்க அது, அந்தச் சொல்லு இந்த மகன் வாயில வருது, படிக்கறப்பல்லாம் எனக்கு தொண்டை அடைச்சிடும். "பாய், இனி நீ சுதந்திரமானவன்"னு அப்பா சொன்னப்புறம்தான் பாய்ஞ்சான்.

அரபியில கொண்டாடற ஏழு நெடுங்கவிதைகள்ல ஒண்ணு இவனோடது. அதுல ஈட்டிங்க மார்ல பாய, குதிரை இவன் பக்கம் திரும்பி கண்ணீரோட கனைக்குது, பேசத் தெரிஞ்சிருந்தா என்கிட்ட முறையிட்டிருக்கும்ங்கறான். போர்க்களத்துல நின்னு வாயில்லாத ஜீவனோட வலியக் கேட்டிருக்கான் பாருங்க!

இப்படி கறுப்புத் தாய்க்குப் பொறந்த கவிஞர்களுக்கு 'அரபிகளோட காக்கைகள்'னே பேரு. குஃபாஃப் இப்னு நுத்பா, சுலைக் இப்னு சுலகா. இப்னுன்னா மகன், வழக்கமா பின்னால அப்பா பேருதான் வரும், இவங்களுக்கு வந்தது அம்மா பேரு. எந்த நெனப்புல வச்சாங்களோ, அந்தத் தாய்ங்க பேரு 1,400 வருஷம் தாண்டி இன்னிக்கு இந்த மேடையில ஒலிக்குது.

7ஆம் நூற்றாண்டுல சுஹைம். அடிமையா இருந்தாலும் என் மனசு சுதந்திரமானது, நிறம் கறுப்பா இருந்தாலும் என் குணம் வெள்ளைன்னு பாடினான். எதிர்த்து நிக்கறப்பவும் வெள்ளைதான் ஒசத்தின்னு அவங்க அளவுகோலையே கையில எடுக்க வேண்டியிருக்கு, அதுதான் கொடுமை. எஜமானர் குலத்துப் பொண்ணுங்கள காதலிச்சுப் பாடினதுக்கு அவனக் கொன்னே போட்டாங்க.

அப்புறம் உமய்யாக்கள்ங்கற அரச வம்சம் இஸ்லாமியப் பேரரச ஆண்ட காலத்துல நுசைப், இவரும் கறுப்பு அடிமைக் கவிஞர்தான். எகிப்து கவர்னர் அப்துல் அஸீஸ் இப்னு மர்வான் அவர விடுதலை பண்ணாரு, அரண்மனைப் பரிசு குவிஞ்சுது. ஆனா அவரோட மகள்களுக்கு கல்யாணம்னு வந்தப்போ அரபிங்க யாரும் கட்டிக்க முன்வரல, தன்ன மாதிரி விடுதலையானவங்களுக்குக் குடுக்க அவருக்கே மனசில்ல. பொண்ணுங்க அப்பா வீட்டுலயே இருந்துட்டாங்க.