நாளைய சிஃப்ட்டை இரவு பத்து மணிக்குச் சொல்லாதீர்கள்

(திருகோணமலையில் கடை, ஹோட்டல் உரிமையாளர்கள் கூடிய கூட்டத்தில் பேசியது)

மேடை ஏறும்போது ஒரு நண்பர் காதுக்குள் கேட்டார்: "எங்கட காலத்தில மன அழுத்தம் எண்டு ஒரு சாமான் இருந்ததா?" இருந்தது அண்ணை. 'பொடியனுக்குத் திமிர்', 'பிள்ளைக்கு வேலையில கவனமில்லை' என்று நாங்கள்தான் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தோம்.

என் கதையையே சொல்கிறேன். என் கடையில் பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன் இருந்தான். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவான். ஒருநாள் பில்லில் பிழை விட்டான். வாடிக்கையாளர் நிற்கவே ஏசினேன். அவன் வாய் திறக்கவில்லை. கால்குலேட்டரின் ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு நின்றான். மறுநாள் வரவில்லை. பல நாளாய் நித்திரையில்லாமல் இருந்தவன் என்று பிறகுதான் அறிந்தேன். கடையில் ஃபிரிட்ஜ் ஒரு மாதிரிச் சத்தம் போட்டால் உடனே ஆள் கூப்பிடுகிற எனக்கு, அவன் முகம் வாடியது கண்ணில் படவில்லை.

உளநலம் என்றதும் வருசத்துக்கொருமுறை ஆலோசகரைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்துப் படம் எடுக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி வேலைப்பளுவையும் வேலை ஒழுங்கையும் திருத்தச் சொல்கிறது, மேலாளர்களைப் பயிற்றச் சொல்கிறது. அதாவது, திருந்த வேண்டிய இடம் நம் மேசைதான்.

லீவையே பாருங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி பழைய ஆளுக்கு வருடாந்த லீவு 14 நாள், சாதாரண லீவு 7 நாள். புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் வருசம் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள் மட்டுமே. வீட்டை விட்டு முதன்முதல் வெளிக்கிட்டு, எதற்கும் பயந்து நிற்கிற வயதில் இருப்பவனுக்குத்தான் லீவு ஆகக் குறைவு. கூடக் கொடுக்க வேண்டாமென்று சட்டம் நம் கையைப் பிடிக்கவில்லையே!

பிறகு ரோஸ்டர். இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் 'நாளை காலை ஆறு' என்று போட்டால், மூதூர்ப் பிள்ளை பஸ்ஸுக்கு என்ன செய்யும்? ஒரு கிழமைக்கு முன்னரே எழுதி அடுக்களைக் கதவில் ஒட்ட ஒரு தாளும் பேனையும் போதும்.

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்காரருக்குத் தனியாக ஒன்று. வாடை மழை தொடங்கினால் அறைகள் காலி, சேர்விஸ் சார்ஜில் பிள்ளைகளுக்கு வருகிற பங்கும் சுருங்கும். அந்த மாதங்களில் யாருக்கு வேலை, கையில் எவ்வளவு வரும் என்று ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாமல் காத்திருப்பதுதான் ஆளைத் தின்கிறது.

ஒரு பிள்ளை 'ஏலாது' என்று சொன்னால் புத்தி சொல்லத் தொடங்காதீர்கள். இருத்திக் கேளுங்கள். 1926 என்பது தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி இலக்கம். எழுதி ஒட்டுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளின் சம்பளத்தை வெட்டாதீர்கள்.

அந்தத் தம்பி இப்போது வேறொரு கடையில் நிற்கிறான். போன மாதம் அங்கே சாமான் வாங்கினேன். மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணித் தந்தான்.