எபேர் குடும்பம் எங்கே போயிற்று? புதிய பிரான்சின் முதல் குடியேறிகளுக்குக் கொடிவழி வரைதல்

[திரையில்: செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் பழைய வரைபடம். கியூபெக் பாறைமுனை மெல்லப் பெரிதாகிறது.]

வணக்கம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் எபேர் என்னும் குடும்பப் பெயர் உடையவர்கள் இன்று ஏராளமாக வாழ்கிறார்கள். 1617 ஆம் ஆண்டில் பாரிஸிலிருந்து மனைவி மக்களோடு வந்து, அங்கே நிலம் திருத்திப் பயிரிட்ட முதல் பிரெஞ்சுக் குடும்பத் தலைவரின் பெயரும் லூயி எபேர்தான். எனவே இந்த எபேர்கள் அந்த எபேரின் வழிவந்தவர்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அவர்கள் தந்தைவழியில் வேறு எபேர்களைச் சேர்ந்தவர்கள். லூயி எபேரின் ஆண்வழி அவருடைய கொள்ளுப்பேரனோடு நின்றுவிட்டது. அதே வேளையில், அவருடைய வழிவந்தவர்கள் வேறு பெயர்களில் கியூபெக் எங்கும் பரவியிருக்கிறார்கள். இந்த முரணை அவிழ்த்துப் பார்த்தால், அந்நாட்டுக் கொடிவழித் தேடலின் முறை முழுவதும் தெளிவாகிவிடும். இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: மருந்து உரல், மூலிகைகள், மரக்கப்பல்.]

லூயி எபேர் மருந்து தயாரித்து விற்கும் தொழிலர். அவருடைய மனைவி மரி ரோலே. ஆன், கியெமெத், கியோம் என மூன்று பிள்ளைகள். 1608 இல் பிரெஞ்சுக் கடற்பயணியான ஷாம்ப்ளேன் நிறுவிய கியூபெக், அவர்கள் வந்து சேர்ந்தபோது தோல் வணிகர்கள் தங்கும் ஒரு சிறு கிடங்குதான். மூத்த மகள் ஆன் திருமணமாகிச் சில காலத்திலேயே, 1619 இல், பிரசவத்தில் இறந்தார். எபேர் 1627 ஜனவரியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து உயிர்நீத்தார். பத்தாண்டு உழைத்தும் அவர் கைக்கு ஓர் ஏர் கிடைக்கவில்லை. கைக்கருவிகளைக் கொண்டே நிலத்தைக் கொத்தியிருக்கிறார். அந்த நிலத்தில் முதன்முதலாக மாடு பூட்டி ஏர் ஓட்டியவர் அவருடைய மருமகன் கியோம் குயார். அது 1628 ஏப்ரலில், மாமனார் இறந்த மறு ஆண்டில்.

மகன் கியோம் எபேர் 1634 இல் எலேன் தெபோர்த்தை மணந்தார். கியூபெக்கில் பிறந்து உயிரோடு வளர்ந்த முதல் பிரெஞ்சுக் குழந்தை என்று பொதுவாகக் கருதப்படுபவர் இந்த எலேன். கியோம் 1639 இல் மறைந்தார். அவர்களுடைய மகன் ஜோசப் 1660 இல் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டே இரோக்குவா என்னும் பழங்குடியின் வீரர்களிடம் பிடிபட்டு, திரும்பி வரவில்லை. அவருக்குப் பிறந்த ஒரே மகனும் நிலைக்கவில்லை. எபேர் என்ற பெயர் அத்தோடு முடிந்தது.

இப்போது பெண்வழியைப் பாருங்கள். கியெமெத் எபேர் 1621 இல் கியோம் குயாரை மணந்து பத்துப் பிள்ளைகளைப் பெற்றார். அவருடைய மகள் மர்கரித் மணந்தவர், பெரிய ஏரிகளின் பக்கம் பயணம் செய்த ழான் நிக்கோலே. மற்றொரு மகள் மரி, பிசோ குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். அந்த மரியின் மகளை மணந்தவர், மிசிசிப்பி ஆற்றில் பயணம் செய்த லூயி ஜோலியே. இன்னொரு மகள் எலிசபெத் கியோன் குடும்பத்துக்குப் போனார். அந்தக் கியோன் என்ற பெயரே பிற்காலத்தில் பலரிடம் தியோன் என்று திரிந்தது. லூயி எபேரின் மகன் கியோமுடைய மகளான பிரான்சுவாஸ் எபேர், 1651 இல் கியோம் ஃபூர்னியேவை மணந்தார். குயார், பிசோ, கியோன், தியோன், ஃபூர்னியே ஆகிய பெயர்களுக்குப் பின்னே லூயி எபேர் மறைந்திருக்கிறார். தந்தைவழிப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு ஏறுகிறவருக்கு அவர் கண்ணில் படவே மாட்டார்.

[திரையில்: பழுப்பேறிய பதிவேட்டுப் பக்கம்.]

பெண்வழியை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவது எப்படி? காரணம் திருமணப் பதிவுதான். புதிய பிரான்ஸ் எனப்பட்ட இந்தப் பிரெஞ்சுக் காலனியில் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் ஆவணங்களில் தம் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்பட்டார்கள். கியெமெத், குயாரின் மனைவியான பின்னும் கியெமெத் எபேர்தான். அதோடு, கத்தோலிக்கக் கோவிலில் எழுதப்பட்ட திருமணப் பதிவில் மணமகனின் பெற்றோர் இருவர், மணமகளின் பெற்றோர் இருவர் என நால்வரின் பெயரும் இடம்பெறுவது வழக்கம். ஆகவே ஒரு திருமணப் பதிவைக் கண்டெடுத்தால் அடுத்த தலைமுறையின் இரண்டு திருமணங்களைத் தேடுவதற்கான பெயர்கள் கிடைத்துவிடுகின்றன. அவற்றிலிருந்து நான்கு, பிறகு எட்டு. திருமுழுக்குப் பதிவும் அடக்கப் பதிவும் உதவிக்கு வரும் சாட்சிகள்தான். ஏணிப்படி திருமணப் பதிவே.

அப்படிப்பட்ட பதிவு ஒன்று எப்படி இருக்கும் என்று சற்று நெருங்கிப் பார்ப்போம். முதலில் ஆண்டும் நாளும் இருக்கும். அடுத்து, மூன்று முறை ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்கப்பட்டது என்றும், தடை ஏதும் தெரியவரவில்லை என்றும் பங்குத்தந்தை எழுதுவார். பிறகு மணமகனின் பெயர், அவருடைய தாய் தந்தையரின் பெயர், அவர்கள் பிரான்சில் எந்தப் பங்கை, அதாவது எந்தக் கோவிலின் எல்லையை, சேர்ந்தவர்கள், அந்தப் பங்கு எந்த ஆயரின் மறைமாவட்டத்தில் இருந்தது என்ற விவரம் வரும். மணமகள் பற்றியும் அவ்வாறே. இறுதியில் சாட்சிகள் பெயரும், கையெழுத்திடத் தெரியாது என்று அறிவித்தவர்கள் யார் என்ற குறிப்பும் இருக்கும். பிரான்சின் பங்குப் பெயர் எழுதப்பட்டிருக்கும் அந்த ஒரு வரிதான் அட்லாண்டிக் கடலைத் தாண்டுவதற்கான பாலம். அதைப் படித்தெடுக்க ஒரு நாள் செலவழிந்தாலும் தகும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, கைம்பெண்ணோ மனைவியை இழந்தவரோ மறுமணம் செய்யும்போது, பெற்றோர் பெயருக்குப் பதிலாக முந்தைய துணையின் பெயரையே பெரும்பாலும் எழுதினார்கள். அந்தக் காலனியில் மறுமணம் மிக இயல்பானது. எலேன் தெபோர்த் தம் கணவர் இறந்த மறு ஆண்டே நொயேல் மொரேனை மணந்திருக்கிறார். ஆகவே பெற்றோர் பெயர் இல்லாத பதிவு கையில் கிடைத்தால், தேடல் முடிந்தது என்று நினைக்காமல், அவருடைய முதல் திருமணத்தைத் தேட வேண்டும்.

மற்றொன்று மாதப் பெயர். பழைய எழுத்தர்கள் செப்டம்பர் என்பதை 7 என்ற எண்ணையும் அதன் அருகே வால் எழுத்துகளையும் இட்டுச் சுருக்கி எழுதினார்கள். லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு என்பது அதற்குக் காரணம். அவ்வாறே 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் எண்ணில் 10 டிசம்பர். 7 ஐப் பார்த்ததும் ஜூலை என்று குறித்துக்கொள்பவர், திருமணத்துக்கு ஏழு மாதத்தில் குழந்தை பிறந்ததாகக் கணக்குப் போட்டு ஒரு குடும்பத்தின் மீது இல்லாத கதையை ஏற்றிவிடுவார்.

[திரையில்: தீப்பற்றிய மரக்கோவிலின் ஓவியம்.]

இந்தப் பதிவேடுகளும் பழுதில்லாதவை அல்ல. 1640 ஜூன் மாதத்தில் கியூபெக்கின் கோவில் தீக்கிரையானபோது, 1621 முதல் எழுதப்பட்டுவந்த பதிவேடும் எரிந்துபோனது. சேசு சபைத் துறவிகள் தம் நினைவிலிருந்தும் மக்களிடம் கேட்டும் அதை மீண்டும் எழுதினார்கள். கியெமெத்தின் திருமணம் இன்று நமக்குத் தெரிவது அந்த மறுபடி எழுதப்பட்ட பக்கத்தின் வழியாகத்தான். என் கருத்தில், இந்தத் துறையில் மிகுந்த மரியாதைக்குரிய ஆவணம் அதுவே. ஆனால் நினைவில் இருந்து எழுதியதை நினைவாகவே மதிக்க வேண்டும், நேரில் எழுதிய பதிவாக அல்ல. பிரான்சில் 1667 இல் அரசர் பிறப்பித்த ஆணை, பதிவேடுகளை இரண்டு படிகளாக எழுதச் சொன்னது. காலனியில் அந்த வழக்கம் 1679 வாக்கில் ஊன்றியது. ஒரு படி கோவிலில், மற்றொன்று நீதிமன்றத்தில் என்று வைக்கப்பட்டதால், அதன்பின் ஒன்று எரிந்தாலும் மற்றது மிஞ்சியது.

[திரையில்: கோடரிச் சின்னம் ஒன்று மட்டும்.]

இந்தச் சின்னம் ஒரு கையெழுத்து. பிரான்சின் பெர்ஷ் பகுதியைச் சேர்ந்த மொர்தாஞ் ஊரிலிருந்து 1634 இல் வந்த தச்சர் ஸக்கரி குளூத்தியே எழுதப் படிக்கத் தெரியாதவர். பத்திரங்களின் அடியில் அவர் கோடரி ஒன்றை வரைந்துவைத்தார். அவரோடு சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் வந்தவர், நாம் மேலே பார்த்த கியோன் குடும்பத்தின் முதல்வரான ழான் கியோன் என்னும் கொத்தனார். குளூத்தியேயின் மகள் ஆன், பத்து வயதுச் சிறுமியாக இருக்கும்போதே, 1636 ஜூலையில் ரொபேர் துருவேனுக்கு நிச்சயிக்கப்பட்டார். அந்தத் திருமண ஒப்பந்தம்தான் கனடாவில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது. மொன்றியல் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை வரலாற்று ஆய்வுக்குழு, 1800 ஆம் ஆண்டு வரையிலான வழித்தோன்றல்களைக் கணக்கிட்டபோது, எல்லாக் குடியேறிகளிலும் முதலிடத்தில் வந்தவர் இந்தத் தச்சர்தான்: 10,850 பேர். அவருக்கு அடுத்தவர் அவருடன் வந்த கொத்தனார்.

நோட்டரி எழுதிய ஒப்பந்தங்கள் கோவில் பதிவு காணாமற்போன இடங்களில் கைகொடுக்கும். ஆனால் ஒப்பந்தம் எழுதியதாலேயே திருமணம் நடந்துவிட்டது என்று கொள்ளக் கூடாது. 1663 முதல் 1673 வரை அரசரின் செலவில் அனுப்பப்பட்டு, 'அரசரின் மகள்கள்' என்று அழைக்கப்பட்ட ஏறத்தாழ 770 பெண்கள் வந்தார்கள். ஆண்கள் மிகுந்தும் பெண்கள் அரிதாகவும் இருந்த இடம் அது. வந்திறங்கிய சில வாரங்களிலேயே ஒப்பந்தம் எழுதி, மனம் ஒவ்வாமல் அதை நோட்டரி முன்பாகவே ரத்து செய்து, வேறொருவரை மணந்தவர்கள் அவர்களுள் பலர். முதல் ஒப்பந்தத்தோடு நின்றுவிட்டால் கொடிவழி தவறான கிளைக்குப் போய்விடும்.

[திரையில்: 1665, கப்பலிலிருந்து இறங்கும் படைவீரர்கள்.]

அடுத்த சிக்கல் இரட்டைப் பெயர். 1665 இல் வந்த கரிஞான்-சலியேர் படைப்பிரிவில் ஏறத்தாழ 1,200 வீரர்கள் இருந்தார்கள். நானூறு பேரளவில் அங்கேயே தங்கிக் குடும்பம் அமைத்தார்கள். படையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: லாஃப்ளேர் என்றால் மலர், சான்சூசி என்றால் கவலையற்றவர். பத்திரங்களில் 'எனப்படும்' என்னும் பொருளுடைய 'தி' என்ற சொல்லை இட்டு, குடும்பப் பெயரையும் பட்டப்பெயரையும் சேர்த்தே எழுதினார்கள். அண்ணன் பிள்ளைகள் ஒரு பெயரையும் தம்பி பிள்ளைகள் மற்றொன்றையும் கைக்கொண்ட வீடுகள் உண்டு. கியூபெக்கின் கூட்டுறவுக் கடன் சங்கங்களை உருவாக்கிய அல்ஃபோன்ஸ் தெழார்தேனின் தந்தை, ஆவணங்களில் 'ருவா எனப்படும் தெழார்தேன்'. தெழார்தேன் என்று மட்டும் தேடுகிறவர் சில தலைமுறைக்கு மேல் வழி காணாமல் திகைப்பார். ருவா என்று தேடினால் வழி திறக்கும்.

1666 இல் ஆட்சியாளர் ழான் தலோன் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு 3,215 பேரைப் பெயர் பெயராகப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டுக் கணக்கில் கால்நடைகளும் திருத்திய நிலமும்கூட உண்டு. வயதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரே மனிதருக்கு இரண்டு கணக்கிலும் வயது பொருந்தாமல் இருப்பது சாதாரணம்.

[திரையில்: ஆற்றங்கரைக் காடு. பின்னணியில் ஒலி இல்லை.]

இனி, இந்த ஆவணங்கள் யாரை மறைக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 1644 நவம்பர் 3 அன்று கியூபெக்கில் மர்தேன் பிரேவோ என்னும் பிரெஞ்சுக்காரர் மரி ஒலிவியே சில்வெஸ்தர் மனித்துவாபேவிஷ் என்ற பழங்குடிப் பெண்ணை மணந்தார். அக்காலனியில் பதிவான இத்தகைய திருமணங்களுள் முதலாவது இதுவே என்று சொல்லப்படுகிறது. ஒலிவியே என்ற பெயர், அவரை வளர்த்த ஒலிவியே லெ தர்திஃப் அளித்தது. அந்த லெ தர்திஃப் மணந்திருந்தவர் கியெமெத்தின் இன்னொரு மகள் லூயிஸ். திருமணத்துக்குச் சாட்சியாக நின்ற இருவர், அந்த லெ தர்திஃபும் கியெமெத்தின் கணவர் கியோம் குயாரும்.

பிரேவோவின் பக்கம் பிரான்ஸ் வரை ஏறிச் செல்லலாம். மரி ஒலிவியேயின் பக்கம் ஏறினால் தந்தையின் பெயரோடு ஏடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே பல தலைமுறைகள் அந்த ஆற்றங்கரையிலேயே வாழ்ந்திருக்கின்றன. அவர்களை எழுதிவைக்க அங்கே பங்குத்தந்தையும் இல்லை, நோட்டரியும் இல்லை. கொடிவழிப் படம் வரைகிறவர்கள் அந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் படத்தைச் சுருக்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கட்டங்களை அங்கே வெறுமையாகவே வரைந்துவையுங்கள்.

[திரையில்: கொடிவழிப் படம். ஒரு பக்கம் பெயர்கள் நிறைந்தும், மறுபக்கம் கட்டங்கள் காலியாகவும். படம் அப்படியே நிற்கிறது.]