டாலி பார்ட்டன் விட்டுக்கொடுக்காத பாதி: நாஷ்வில்ல பாட்டு எழுதினா காசு எந்த வழியா வருது?

கிட்டார் கழுத்துல மாட்டுற கிளிப், அதான் கேப்போ, அதை நாலாவது ஃப்ரெட்டுல போட்டுக்கோங்க. ஏ மைனர், சி, ஜி, திரும்ப ஏ மைனர். கேளுங்க… தெரிஞ்ச மாதிரி இருக்கா? அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகி டாலி பார்ட்டனோட ‘ஜோலீன்’. 1973 அக்டோபர்ல வந்த சிங்கிள். முக்கால்வாசி பாட்டு இந்த மூணு கார்டுக்குள்ளயே (சேர்த்து வாசிக்கிற ஸ்வரக் கூட்டம்தான் கார்டு) சுத்திட்டிருக்கும், நடுவுல ஒரு இ மைனர் வந்துட்டுப் போகும், அவ்வளவுதான்.

இப்ப இந்தப் பேப்பரைப் பாருங்க, கேமரா கிட்ட கொண்டு வரேன். இதுல ஸ்வரக் கோடு எதுவும் இல்ல, வெறும் எண்தான். 6, பக்கத்துல ஒரு சின்னக் கோடு, அப்புறம் 1, 5, திரும்ப 6 கோடு. ஸ்வர வரிசையில அந்தக் கார்டு எத்தனாவதுன்னு சொல்றதுதான் எண். அந்தக் கோடு இருந்தா மைனர். இதுக்குப் பேரு நாஷ்வில் நம்பர் சிஸ்டம். நாஷ்வில்தான் அமெரிக்கக் கன்ட்ரி இசையோட மையம். 1950கள் கடைசியில ஜார்டனேர்ஸ்ன்ற பாடகர் குழுவுல இருந்த நீல் மேத்யூஸ் ஆரம்பிச்சு வச்சாரு, இசைக்கலைஞர் சார்லி மெக்காய் அதை ரெக்கார்டிங் செஷன்களுக்குக் கொண்டு போனாரு. நமக்கு இது புரியறது ரொம்ப சுலபம். சுருதி ஒண்ணரைக் கட்டையோ அஞ்சு கட்டையோ, ச ரி க ம மாறுமா? மாறாது. அதே கதைதான். பாடகி வந்து “இன்னைக்குத் தொண்டை கட்டியிருக்கு, ரெண்டு ஃப்ரெட் இறக்குங்க”ன்னா பேப்பர்ல ஒரு எழுத்தைக் கூட மாத்த வேண்டாம்.

ஆனா தப்பு நடக்கிற இடம் மூணு இருக்கு. ஒரே பார்ல, அதாவது ஒரே தாளச் சுற்றுல, ரெண்டு கார்டு வந்தா ரெண்டையும் சேர்த்து அடிக்கோடு போடணும். மறந்தீங்கன்னா பாஸ் வாசிக்கிறவர் ஒரு பார் பின்னாடி போயிடுவாரு. ஒரு தடவை அடிச்சிட்டு ஒலியை அப்படியே நீள விடணும்னா எண்ணைச் சுத்தி வைரம் மாதிரி ஒரு கட்டம். அது இல்லன்னா டிரம்மர் பாட்டுக்கு வாசிச்சிட்டே இருப்பாரு. மூணாவது, இந்த மாதிரி மைனர் பாட்டு. சிலர் 6 மைனரை வீடுன்னு, அதாவது பாட்டு வந்து நிக்கிற கார்டுன்னு, வச்சு எழுதுவாங்க, சிலர் அதையே 1 மைனர்னு எழுதுவாங்க. எண்ணி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே முடிவுக்கு வந்துடுங்க. பாட்டை மாதிரிக்குப் பதிவு பண்ற ஒரு டெமோ செஷன் மூணு மணி நேரம், அதுக்குள்ள அஞ்சு பாட்டு முடிக்கிறாங்க. போன்ல பதிஞ்ச வொர்க் டேப்பை ஒரு தடவை போட்டுக் கேப்பாங்க, கேட்டுக்கிட்டே சார்ட் எழுதுவாங்க, ரெண்டாவது டேக்ல பாட்டு ரெடி. பிரிட்ஜ், அதாவது நடுவுல மெட்டு மாறுற பகுதி, எங்க வரணும்னு நீங்க அங்க உக்காந்து யோசிச்சா, ஓடுற மீட்டர் உங்களுது.

சரி, டாலிக்கு வருவோம். 1946ல டென்னசி, செவியர் கவுன்ட்டியில பிறந்தவங்க, பன்னிரண்டு பிள்ளைங்கள்ல நாலாவது. 13 வயசுல கிராண்ட் ஓல் ஆப்ரின்ற பேர்போன கன்ட்ரி நிகழ்ச்சி மேடை. 1964ல ஸ்கூல் முடிச்ச மறுநாளே நாஷ்வில்லுக்குக் கிளம்பிட்டாங்க. இதெல்லாம் எல்லா வீடியோவிலயும் சொல்லுவாங்க. யாரும் அழுத்திச் சொல்லாத விஷயம், அவங்களுக்கு முதல்ல கதவு திறந்தது எழுத்தாலதான். மானுமென்ட் ரெக்கார்டு கம்பெனி இந்தக் குரல் கன்ட்ரிக்குச் சரிப்படாதுன்னு பாப் பாட வச்சுது. 1966ல பில் ஃபிலிப்ஸ் பாடின ‘புட் இட் ஆஃப் அன்டில் டுமாரோ’ டாலியும் மாமா பில் ஓவன்ஸும் சேர்ந்து எழுதினது. அதுல பின்குரலும் டாலிதான், ஆனா லேபிள்ல பேர் கிடையாது. அது கன்ட்ரி டாப் டென்ல ஏறின பிறகுதான் இவங்களைக் கன்ட்ரி பாட விட்டாங்க.

அதே காலத்துல மாமாவும் மருமகளும் சேர்ந்து ஓவ்-பார்னு சொந்தமா ஒரு பப்ளிஷிங் கம்பெனி, அதாவது பாட்டோட உரிமையை வச்சுக் காசு வசூலிக்கிற கம்பெனி தொடங்கினாங்க. இந்த வீடியோவே அதைப் பத்தித்தான். போர்டுல எழுதிக் காட்டுறேன்.

ஒரு பாட்டுக்கு ரெண்டு சொத்து உண்டு. ஒண்ணு ரெக்கார்டிங், அது பெரும்பாலும் லேபிளோடது, அதாவது ரெக்கார்டு கம்பெனியோடது. இன்னொண்ணு பாட்டு, அதாவது வரியும் மெட்டும். இந்தப் பாட்டுப் பணத்தை நடுவுல பிளந்தா பாதி எழுத்தாளருக்கு, பாதி பப்ளிஷருக்கு. பப்ளிஷரும் நீங்களே ஆனா நூத்துக்கு நூறும் உங்களுக்கு. வேற பப்ளிஷர்கிட்ட பழைய மாதிரி கையெழுத்துப் போட்டா அம்பது. இப்ப அதிகம் நடக்கிற கோ-பப்ளிஷிங் ஒப்பந்தத்துல எழுபத்தஞ்சு.

இதை வச்சு எல்விஸ் பிரெஸ்லி சமாச்சாரத்தைப் பாருங்க. ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ 1974ல டாலி குரல்ல கன்ட்ரி நம்பர் ஒன். எல்விஸ் பாட ஆசைப்பட்டாரு. அவரோட மேனேஜர் கர்னல் பார்க்கர், பப்ளிஷிங்ல பாதி கொடுத்தாதான் ரெக்கார்டிங்னாரு. பப்ளிஷிங்ல பாதின்னா மொத்தத்துல கால் பங்கு. டாலி முடியாதுன்னுட்டாங்க. எல்விஸ் பாடுற வாய்ப்பை விட்டுட்டு ராத்திரி பூரா அழுதேன்னு அவங்களே பல பேட்டியில சொல்லியிருக்காங்க.

அப்புறம் 1992, அதே பாட்டை விட்னி ஹூஸ்டன் பாடினாங்க. அமெரிக்கப் பாட்டுகளோட தரவரிசைப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100ல 14 வாரம் முதலிடம். அன்னைக்கு அமெரிக்காவுல ஒரு பாட்டு ஒரு காப்பி வித்தா சட்டப்படி எழுத்துப் பக்கத்துக்கு 6.25 சென்ட். பத்து லட்சம் காப்பிக்கு முழு ரேட்டுல 62,500 டாலர். கால் பங்கைத் தூக்கிக் கொடுத்திருந்தா அதுல 15,625 போயிருக்கும். இது வெறும் பத்து லட்சத்துக்கு. அந்தப் பாட்டு இருந்த ‘தி பாடிகார்ட்’ ஆல்பம் அமெரிக்காவுல மட்டும் கோடியைத் தாண்டி வித்துச்சு.

ரேடியோ கணக்கு இன்னும் வேடிக்கை. அமெரிக்காவுல ஏஎம், எஃப்எம் ஸ்டேஷன் எழுத்தாளருக்கும் பப்ளிஷருக்கும் மட்டும்தான் காசு தரும். பாடினவங்களுக்கு ஒரு பைசா கிடையாது. விட்னி அந்த உச்சத்துக்கு ஏறும்போது, எஃப்எம்ல அது ஒலிபரப்பான ஒவ்வொரு தடவையும் பணம் போனது டாலி பக்கம். அது பிஎம்ஐ, ஆஸ்கேப் மாதிரி ஒலிபரப்புக் காசை வசூலிச்சுக் கொடுக்கிற சங்கங்கள் வழியா வரும். சங்கத்துல பதிவு பண்ணாத பாட்டுக்கு எவ்வளவு ஒலிபரப்பானாலும் செக் வராது. அதனால வெளியாகிறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணிடுங்க.

எதிர்ப்பக்க உதாரணமும் அவங்க வாழ்க்கையிலயே இருக்கு. 1977ல ‘ஹியர் யூ கம் அகெய்ன்’ அவங்களைப் பாப் உலகத்துல நிறுத்துச்சு, ஹாட் 100ல மூணாவது இடம். ஆனா எழுதினது பேரி மேனும் சிந்தியா வைலும். குரலுக்கான பங்கு மட்டும்தான் டாலிக்கு. மூணு வருஷம் கழிச்சு ‘நைன் டு ஃபைவ்’ படத்துக்கு அவங்களே எழுதினாங்க. ஷூட்டிங் செட்டுல கையில கிட்டார் இல்ல, அக்ரிலிக் நகத்தை ஒண்ணோட ஒண்ணு உரசிப் பார்த்தா டைப்ரைட்டர் சத்தம். இப்படி… மைக் பிடிக்குதா? என் நகம் சின்னது, மன்னிச்சுக்கோங்க. அந்தச் சத்தம் அப்படியே ரெக்கார்டுலயும் இருக்கு. 1981 பிப்ரவரியில ஹாட் 100ல முதலிடம்.

அவங்க சறுக்கவே இல்லையான்னா, சறுக்கினாங்க. 1967ல கன்ட்ரி பாடகர் போர்ட்டர் வேகனரோட டிவி ஷோவுல சேர்ந்தாங்க. கொஞ்ச வருஷத்துல ஓவ்-பார்ல கிட்டத்தட்ட பாதி போர்ட்டர் கைக்குப் போயிருந்தது. 1974ல ஷோவை விட்டு வெளியே வந்தாங்க, 1979ல போர்ட்டர் 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டாரு. கடைசியில பேசித் தீர்த்துக்கிட்டாங்க. உறவு நல்லா இருக்கும்போது கொடுக்கிற பங்குதான் பின்னாடி விலை கூடினது. எனக்கென்னவோ, எல்விஸ்கிட்ட முடியாதுன்னு சொன்ன தைரியத்தைக் கொண்டாடுற அளவுக்கு இந்தப் பக்கத்தை யாரும் படிக்கிறதில்ல.

இன்னைக்கு நாஷ்வில் போற ஒருத்தருக்கு நிலவரம் வேற. டாலி மாதிரி தனியா எழுதுறவங்க குறைவு. காலையில, இசைக் கம்பெனிங்க இருக்கிற மியூசிக் ரோ பகுதியில ஒரு ரூம், மூணு பேர், மதியத்துக்குள்ள ஒரு பாட்டு. பப்ளிஷர் மாசாமாசம் கொடுக்கிற தொகை சம்பளம் இல்லீங்க, முன்பணம். பப்ளிஷர் வழியா வர்ற உங்க ராயல்டியில கழிச்சு முடிக்கிற வரைக்கும் அவங்ககிட்டேருந்து கையில வேற எதுவும் வராது. டெமோ செலவுலயும் ஒரு பங்கு உங்க கணக்குல ஏறும். கோட்டா வருஷத்துக்கு 12 முழுப் பாட்டுன்னு ஒப்பந்தத்துல இருந்தா, மூணு பேரா எழுதுற பாட்டு மூணுல ஒண்ணுதான். அப்ப 36 பாட்டுல உங்க பேர் இருக்கணும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இந்தப் பெருக்கலைப் பலர் போடுறதில்ல. 2025 ரேட் ஒரு காப்பிக்கு 12.7 சென்ட். மூணா பிரிச்சு, அதுல பாதியைப் பப்ளிஷர் எடுத்தா உங்களுக்கு ரெண்டு சென்ட் சொச்சம்.

இன்னொரு பொறி, ‘ஹோல்ட்’. ஒரு பாடகர் தரப்பு “இந்தப் பாட்டை வேற யாருக்கும் காட்டாதீங்க”ன்னு கேக்கும். பெரும்பாலும் அதுக்குக் காசு கிடையாது, பாடுவாங்கன்ற உறுதியும் கிடையாது. மாசக்கணக்கா பாட்டு பெட்டிக்குள்ள தூங்கும். தேதி போட்டு வாங்குங்க.

எழுதி முடிச்ச அன்னைக்கே ஸ்ப்ளிட் ஷீட். பாட்டுத் தலைப்பு, தேதி, எல்லாரோட முழுப்பேர், யாருக்கு எத்தனை சதவீதம், எந்தச் சங்கம், ஐபிஐ எண் (எழுத்தாளரை அடையாளம் காட்டுற எண்), பப்ளிஷர் பேர், கையெழுத்து. கூட்டினா சரியா நூறு வரணும். மூணு பேருக்கும் 33ன்னு போட்டா 99தான் ஆகுது, பதிவு மாட்டிக்கும். 33.34, 33.33, 33.33ன்னு போடுங்க. அந்தக் கூடுதல் 0.01 யாருக்குன்னு டாஸ் போட்டுக்கோங்க.

ஏற்கெனவே உரிமையை விட்டுட்டவங்களுக்கு அமெரிக்கச் சட்டத்துல ஒரு வழி இருக்கு. 1978லேர்ந்து எழுதிக் கொடுத்ததை 35 வருஷம் கழிச்சுத் திரும்பக் கேக்கலாம். வெளியீட்டு உரிமையும் சேர்த்துக் கொடுத்திருந்தா வருஷக் கணக்கு கொஞ்சம் மாறும், அதை வக்கீல்கிட்ட பார்த்துக்கோங்க. ஆனா அது தானா திரும்பாது. குறைஞ்சது ரெண்டு வருஷம் முன்னாடி, அதிகபட்சம் பத்து வருஷம் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் போகணும். 1995ல கொடுத்த உரிமைன்னு வைங்க, 2030லயே வேணும்னா நோட்டீஸ் 2028க்குள்ள போயிருக்கணும்.

சரி, கேப்போவைக் கழட்டுறேன். அடுத்த வீடியோவுல இதே சார்ட்டை ஸ்டீல் கிட்டார்காரர் எப்படிப் படிக்கிறாருன்னு பார்ப்போம்.