சிவப்பு எரிந்தால் நிற்க, மஞ்சள் எரிந்தால் யோசிக்க

[காட்சி: திருகோணமலை உட்துறைமுக வீதியோரம் நிற்கும் கார். கமரா மீற்றர் பலகைக்கு அருகில்.]

குரல்: காரின் மீற்றர் பலகையில் எரியும் எச்சரிக்கை விளக்குகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். காரை இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. திறப்பை எஞ்சின் இயங்குவதற்கு முந்திய நிலையில் நிறுத்துகிறோம். பொத்தான் உள்ள கார் என்றால், பிரேக்கை மிதிக்காமல் இரண்டு முறை அழுத்துங்கள். பலகை முழுவதும் விளக்குகள் எரியும். பயப்பட வேண்டாம், கார் தன் விளக்குகளைச் சரிபார்க்கிறது. காற்றுப்பை (எயார்பேக்) விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும்.

பாவித்த கார் வாங்கப் போகிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை பாருங்கள். அந்த விளக்கு அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம். பழுதை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். பெயின்ற் எவ்வளவு பளபளத்தாலும் அந்தக் காரை நான் வாங்கமாட்டேன்.

[காட்சி: ஹபரணை வீதி. பின்னேர வெளிச்சம். யானை எச்சரிக்கைப் பலகை.]

குரல்: கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போனால் இருபுறமும் காடு. பொழுது சாய்ந்தால் யானை வரும். அந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தால் நிற்பதா, ஓட்டுவதா? மஞ்சள் என்றால் பெரும்பாலும் மெதுவாக கராஜ் வரை போய்விடலாம். சிவப்பு என்றால் நிற்க வேண்டும்.

[படம்: மூக்கில் ஒரு சொட்டுடன் எண்ணெய்க் குவளை.]

குரல்: சிவப்பில் மிகக் கொடியது இதுதான். 'ஒயில் குறைந்திருக்கும், ஊருக்குப் போய் ஊற்றலாம்' என்று பலர் ஓட்டிக்கொண்டே போகிறார்கள். இந்த விளக்கு ஒயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தத்தைச் சொல்கிறது. அழுத்தம் இல்லையென்றால் எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் நேரடியாக உரசும். சில நிமிடங்களில் எஞ்சின் முடிந்துவிடும். பார்வைக்கு மறைவில்லாத இடமாகப் பார்த்து உடனே ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்துங்கள், இருபக்க சிக்னல்களும் ஒன்றாக மினுங்கும். யானை தென்பட்டால் இறங்காதீர்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள்.

அந்த முக்கோணப் பொத்தான் நிற்கும் வாகனத்துக்கு உரியது. மார்கழி மழையில் அதைப் போட்டுக்கொண்டே ஓடுகிறவர் எந்தப் பக்கம் திரும்பப்போகிறார் என்று பின்னால் வருபவனுக்கு எப்படித் தெரியும்?

வெப்பமானிப் படம் சிவப்பில் எரிந்தாலும் நிறுத்துங்கள். சூடு ஆறும்வரை ரேடியேற்றர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி என்றால் முதலில் ஹாண்ட் பிரேக்கைப் பாருங்கள். அது இறங்கியிருந்தும் எரிந்தால் பிரேக் ஒயில் குறைந்திருக்கக்கூடும். அந்தக் காரை ஓட்ட வேண்டாம்.

[காட்சி: நிலாவெளி வீதி. காற்றில் வந்த மணல் தாரில் படிந்திருக்கிறது.]

குரல்: மஞ்சளில் ஏபிஎஸ் (அவசர பிரேக்கில் சில்லு இறுகாமல் காக்கும் அமைப்பு) விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். சில்லின் அருகே உள்ள சென்சாரின் இணைப்பு துருப்பிடித்தாலும் இது எரியும். உப்புக்காற்று அடிக்கும் நம் ஊரில் அது புதினமல்ல. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள்.

ஏபிஎஸ் நல்ல நிலையில் இருக்கும்போது, அவசரமாக மிதித்தால் காலுக்கடியில் பிரேக் தடதடவென்று அதிரும். பலர் திடுக்கிட்டுக் காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். அழுத்தி மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி விலகுங்கள்; சில்லு இறுகாமல் உங்களைத் திரும்பவிடுவதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை. குறைந்த தூரத்தில் நிறுத்தித் தரும் என்று நம்பிவிட வேண்டாம். இந்த மணலில் நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம்.