சம்பளச் சீட்டில் யார் பெயர்?

எல்லோருக்கும் வணக்கம். கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன், அதனால் கெல்லி சர்வீசஸ் நிறுவனத்தைத் தொடங்கிய வில்லியம் ரஸ்ஸல் கெல்லியின் நினைவுக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டதும் யோசிக்காமல் சரி என்றேன். 1998 ஜனவரியில், 92 வயதில் காலமானவர். இங்கே இருக்கும் பலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் மாதம் பிறந்தால் நாம் எடுக்கும் அட்டென்டன்ஸ், போடும் பில், தயார் செய்யும் சம்பளப் பட்டியல், இதையெல்லாம் ஒரு பெரிய தொழிலாக வளர்த்தவர்களில் அவர் முன்வரிசைக்காரர்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1905-ல் பிறந்தவர். 1946 அக்டோபரில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் சின்னதாக ஒரு ஆபீஸ் திறந்தார். டெட்ராய்ட் என்றால் கார். போர் முடிந்து தொழிற்சாலைகள் மறுபடி கார் செய்யத் தொடங்கியிருந்த நேரம், கணக்கும் கடிதமும் குவிகிற நேரம். கணக்கு மெஷின், டைப்ரைட்டர், நகல் எடுக்கும் மெஷின் எல்லாம் வாங்கிப் போட்டால் கம்பெனிகள் வேலையைத் தன்னிடம் கொண்டுவந்து கொடுக்கும், முடித்துத் திருப்பித் தரலாம் என்பதுதான் அவர் போட்ட திட்டம். வாடிக்கையாளர்களுக்கோ காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைய மனமில்லை; அந்த டைப்பிஸ்ட்டையே கொஞ்ச நாளைக்கு இங்கே அனுப்புங்களேன் என்று கேட்டார்கள். அனுப்பினார். அந்த வருஷம் 12 வாடிக்கையாளர்கள், மொத்த விற்பனை 850 டாலரைக்கூடத் தொடவில்லை.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுதான் போவேன். அனுப்பப்பட்ட அந்தப் பெண் யாருடைய ஆள்? வேறு யாருடைய கட்டடத்திலோ உட்கார்ந்து, வேறு யாரோ சொல்வதை டைப் அடிக்கிறாள். ஆனால் சம்பளம் கொடுத்தது கெல்லி, வரி பிடித்துக் கட்டியது கெல்லி, அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்கு முதலாளி பங்கைக் கட்டியதும் கெல்லி. ஆளைக் கைகாட்டிவிட்டுக் கமிஷனோடு ஒதுங்குகிற தரகு வேலை அப்போதும் இருந்தது, அதில் இவ்வளவு பொறுப்பு கிடையாது. அவர் அந்தப் பொறுப்பைத் தலைமேல் ஏற்றிக்கொண்டார். எனக்கு அவர் மேல் இருக்கிற மரியாதை முழுக்க அதற்காகத்தான்.

குடும்பத் தொழில்தான். மனைவியின் மகனைத் தன் மகனாகவே தத்தெடுத்துக்கொண்டார், அவர்தான் டெரன்ஸ் ஆடர்லி. 1958-ல் வேலைக்குச் சேர்ந்து 1967-ல் பிரசிடென்ட் ஆனார். பங்குச் சந்தைக்குப் போன பிறகும், கெல்லி இருந்தவரை ஓட்டுரிமைப் பங்குகளில் பெரும்பகுதி குடும்பத்தை விட்டுப் போகவில்லை. கெல்லி மறைந்தபோது வருஷ விற்பனை கிட்டத்தட்ட 400 கோடி டாலர். அதன் பிறகு சேர்மன் நாற்காலியில் ஆடர்லி உட்கார்ந்தார், அவரும் 2018-ல் போய்ச் சேர்ந்தார்.

நினைவுக் கூட்டத்தில் குறை பேசக் கூடாது என்பார்கள். நான் ஒன்று பேசியாக வேண்டும், ஏனென்றால் அந்த மனிதரை மதிக்கிறேன். 1957-லிருந்து கெல்லி கேர்ல் என்ற பெயரில் நடந்த நிறுவனம் அது. 1966-ல் கெல்லி சர்வீசஸ் என்று மாறிய பிறகும் அங்கிருந்து வேலைக்குப் போன பெண்களுக்குக் கெல்லி கேர்ல் என்ற பெயர்தான். 1971-ல் ஒரு விளம்பரம் போட்டார்கள். இந்தப் பெண் லீவு கேட்கமாட்டாள், சம்பள உயர்வு கேட்கமாட்டாள், உங்கள் நேரத்தில் அவளுக்கு ஜலதோஷம்கூடப் பிடிக்காது, வேலை குறைந்தால் அவளை விட்டுவிடலாம் என்று அதில் வரிசையாக வரும். படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. எந்தப் பெண்ணுக்கு நான்தான் முதலாளி என்று நின்றாரோ, அவளையே வேண்டும்போது எடுத்து வேண்டாதபோது வைக்கிற பொருள் மாதிரி விற்ற விளம்பரம் அது. அவர் சேர்மனாக இருந்தபோதே வந்தது. அவர் செய்த பெரிய காரியத்தோடு இதையும் சேர்த்துத்தான் அவரை நினைக்க வேண்டியிருக்கிறது.

நான் முதலில் வேலை பார்த்த ஏஜென்சியில் ஒரு அக்கா இருந்தார், ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். ஏழாம் தேதி வர வேண்டிய சம்பளம் பத்தொன்பதாம் தேதி ஆகியும் வரவில்லை. கம்பெனியில் கேட்டால் ஏஜென்சியில் போய்க் கேள் என்கிறார்கள், எங்களிடம் வந்தால் பில் இன்னும் பாஸ் ஆகவில்லை என்கிறோம். நீல யூனிஃபார்ம் சேலையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மகளுடைய ஸ்கூல் ஃபீஸ் நோட்டீஸை நாலாக மடித்துக் கையிலேயே வைத்திருந்தார், அது வியர்வையில் நைந்துபோயிருந்தது. "தம்பி, நான் யாருகிட்டதான் வேலை பாக்குறேன்?" என்று கேட்டார். சண்டை போடவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். காண்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காவிட்டால் வேலை வாங்கும் கம்பெனியே கொடுத்தாக வேண்டும் என்று 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொல்லியிருந்தது. அது அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. பில் வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்கிறேன் என்று உள்ளே எழுந்து போய்விட்டேன்.

அப்புறம் நான் சொந்தமாக ஏஜென்சி வைத்தபோது முதலில் போன் செய்தது அவருக்குத்தான். வந்தார். எத்தனை பில் பாக்கி இருந்தாலும் ஏழாம் தேதி சம்பளம் போட்டுவிடுகிறோம், ரெண்டு தடவை மனைவியின் வளையலை அடகு வைத்தும் போட்டிருக்கிறோம். முதல் மாதச் சம்பளச் சீட்டை அவர் கையில் கொடுத்தபோது தொகையைப் பார்ப்பதற்கு முன்னால், மேலே எங்கள் ஏஜென்சி பெயர் அச்சிட்டிருந்த வரியில் விரலை வைத்து மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.